சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் மனசு லேசானது, நெட்டையனுக்கும் உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஐரோப்பா போகிறவர்கள் பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து என்று போவார்கள், நீங்கள் இரண்டு பேரும் எதற்கு ஸ்லோவேனியா போனீர்கள், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய்.

காரணம் நெட்டையன்தான். வாழ்க்கை முழுக்கப் பாலம் கட்டியவன், படிக்கிற காலத்தில் ஏதோ ஒரு பாடப்புத்தகத்தில் பார்த்த கல் பாலம் ஒன்றை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்தான், துணைக்கு வருகிறாயா என்று கேட்டான், வருகிறேன் என்றேன். அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதே அதற்கு அப்புறம்தான் பார்த்தேன். இத்தாலி, ஆஸ்திரியா, ஹங்கேரி, குரோஷியா என்று நான்கு நாடுகளுக்கு நடுவே 20,273 சதுர கிலோமீட்டர், மொத்த ஜனம் சுமார் 21 லட்சம், பாதிக்கு மேல் காடு. 1991 ஜூன் 25 அன்று யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்து, பத்து நாள் சண்டையோடு தனி நாடாகிவிட்டது. 2004இல் ஐரோப்பிய ஒன்றியம், 2007 முதல் யூரோ. போவதற்கு முன்பு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வியன்னாவில் இறங்கி ரயிலில் லியூப்லியானா போனோம். ஆறு மணி நேரப் பயணம், வழியில் ஸெம்மரிங் மலைப்பாதை வருகிறது, 1854இல் திறந்த தண்டவாளம், வளைவுக்கு வளைவு இரண்டடுக்குக் கல் பாலங்கள். நெட்டையன் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

லியூப்லியானா தலைநகரம் என்றாலும் நடந்தே முடித்துவிடலாம். நடுவில் சின்ன ஆறு, ஆற்றின் இரு பக்கமும் மரங்கள், நடுப்பகுதியில் கார் கிடையாது. அங்கே மூன்று பாலங்கள் விசிறி மாதிரி சேர்ந்து நிற்கின்றன. நடுவிலிருப்பது 1842இல் கட்டியது. வண்டியும் ஜனமும் பெருகியதும் பழையதை இடிக்காமல் இரு பக்கமும் நடப்பவர்களுக்கென்று ஒவ்வொரு பாலம் சேர்த்துவிட்டார் யோஜெ பிளெச்னிக் என்ற கட்டடக் கலைஞர், 1932இல் அந்த வேலை முடிந்தது. நான் அதை ஒரு அழகான இடம் என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நெட்டையன் என்னை இழுத்து நிறுத்தி, பழைய பாலத்தோடு புதியது எங்கே சேர்கிறது, கைப்பிடிச் சுவர் ஏன் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று காட்டினான். இடித்துக் கட்டுவது சுலபம், இருப்பதை வைத்துக்கொண்டு பெரிதாக்குவதற்குத்தான் மனசும் கணக்கும் இரண்டும் வேண்டும் என்றான். அவன் சொன்ன பிறகு அந்த ஊரில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்த்தேன். பிளெச்னிக் கட்டிய தேசிய நூலகத்தில் நுழைந்ததும் கருப்புக் கல் தூண்கள், மொத்தம் 32, நடுவே மங்கலான வெளிச்சத்தில் படிக்கட்டு மேலே மேலே போய், கடைசியில் வெளிச்சம் நிறைந்த படிப்பறையில் கொண்டுபோய் விடுகிறது. படிக்க வருகிற பிள்ளை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி வர வேண்டும் என்று யோசித்து ஒருவர் படிக்கட்டு கட்டியிருக்கிறார். இந்த நகரத்தில் அவர் செய்த வேலைகளை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

போஸ்டோய்னா குகை பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 24 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் 5 கிலோமீட்டர் நாம் பார்க்கலாம், பெரும்பகுதி குட்டி ரயிலிலேயே போய்விடலாம், உன் முட்டிக்குத் தோதான இடம். 1872இல் தண்டவாளம் போட்டபோது வழிகாட்டிகளே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்களாம். உள்ளே எப்போதும் பத்து டிகிரி குளிர், ஸ்வெட்டர் கட்டாயம். அங்கே கண் தெரியாத ஒரு வெளிறிய நீர்ப்பிராணி இருக்கிறது, ஓல்ம் என்று சொல்கிறார்கள், வருடக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், நூறு வயது வரை வாழும் என்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்திலிருக்கிற செர்க்னிட்சா ஏரி. நாங்கள் போனது செப்டம்பர் கடைசி, கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தரை, நடுவே ஒரு ஓடை, ஏரியையே காணோம். அது வந்து போகிற ஏரி. அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல், அடியில் ஓட்டையும் குகையுமாக இருக்கிறது. இலையுதிர்கால மழை பெய்தாலோ வசந்தத்தில் பனி உருகினாலோ பூமிக்குள்ளிருந்து தண்ணீர் பொங்கி வந்து இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் நிரம்பி, நாட்டிலேயே பெரிய ஏரியாகிவிடும். மழை நின்றதும் அதே ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். தண்ணீர் நிற்கும்போது மீன் பிடிக்கிறார்கள், வற்றியதும் அதே இடத்தில் புல் அறுக்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று வல்வாசோர் என்ற உள்ளூர்ப் பிரபு எழுதி லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அனுப்ப, 1687இல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். கரையோர கிராமத்தில் ஒரு சின்ன மியூசியத்தில் ஏரி நிரம்புவதையும் வடிவதையும் மாதிரி செய்து, தண்ணீர் விட்டே காட்டுகிறார்கள். ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கொப்பளித்து வருவதை நெட்டையன் இரண்டாம் தடவையும் ஓட்டிக் காட்டச் சொன்னான், மியூசியத்து அம்மாவும் சந்தோஷமாகக் காட்டினார்.

இப்போது சோச்சா. நான் உனக்கு எழுத நினைத்ததே இதைத்தான்.

வடக்கே கிரான்ஸ்கா கோரா என்ற ஊரிலிருந்து வெர்ஷிச் கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் சோச்சா பள்ளத்தாக்கு. கணவாயின் உயரம் 1,611 மீட்டர், ஏறவும் இறங்கவும் மொத்தம் 50 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண்ணும் உயரமும் எழுதியிருக்கிறது. காட்சி கொள்ளை அழகு, ஆனால் அந்த ரோடு யார் போட்டது தெரியுமா? முதல் உலகப்போரில் ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையிடம் சிக்கிய ரஷ்யப் போர்க்கைதிகள். இந்தப் பக்கம் இத்தாலியோடு போர் நடந்ததால் மலை தாண்டித் தளவாடம் கொண்டுபோக அவசரமாக ரோடு வேண்டியிருந்தது. 1916 மார்ச்சில் பனிச்சரிவு வந்து நூற்றுக்கணக்கில் செத்துப்போனார்கள், சரியான எண்ணிக்கையை இன்று வரை யாராலும் சொல்ல முடியவில்லை. உயிரோடிருந்த கைதிகள் எட்டாவது வளைவுக்குப் பக்கத்தில் மரத்தாலேயே சின்னதாக ஒரு ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் கட்டினார்கள், அது இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் மலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் ரோட்டோரத் தடுப்புச்சுவரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

இறங்கினால் ட்ரென்டா, அங்கேதான் ஆறு பிறக்கிறது. அந்தத் தண்ணீரின் நிறத்தைப் போட்டோவில் பார்த்தால் யாரோ கலர் கூட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பாய். மரகதப் பச்சையும் நீலமும் கலந்து, அடியில் கிடக்கிற வெள்ளைக் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிய ஓடுகிறது. கையை வைத்தால் எலும்பு வரை குளிர். கரையோரமாகவே நடக்க வழி இருக்கிறது, கயிற்றுத் தொங்குபாலங்கள் மாற்றி மாற்றி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கொண்டுபோகும்.

இந்த ஆற்றங்கரையில்தான் 1915 மே முதல் 1917 கடைசி வரை இத்தாலியும் ஆஸ்திரியா–ஹங்கேரியும் பன்னிரண்டு முறை பெரும் போர் நடத்தியிருக்கின்றன. மலை உச்சியில், பனியில், பாறையைக் குடைந்து உட்கார்ந்துகொண்டு. இரண்டு பக்கமும் லட்சக்கணக்கில் சாவு. பன்னிரண்டாவது போர் 1917 அக்டோபர் 24 அன்று கோபரிட் என்ற சிற்றூர் பக்கம் தொடங்கியது, இத்தாலியப் படை முறிந்து ஓடியது. அந்த ஊரிலேயே போருக்கென்று ஒரு மியூசியம் வைத்திருக்கிறார்கள், 1990இல் தொடங்கி மூன்றே வருடத்தில் ஐரோப்பிய கவுன்சிலின் மியூசியம் பரிசு வாங்கியது. யார் ஜெயித்தார்கள் என்று மார்தட்டுகிற இடமாக அது இல்லை. சாதாரணச் சிப்பாய் என்ன சாப்பிட்டான், எப்படிக் குளிரில் விறைத்தான், முகம் சிதைந்தவனுக்கு என்ன ஆனது, இதைத்தான் அறை அறையாகக் காட்டுகிறார்கள். ஊருக்கு மேலே குன்றில் இத்தாலிய வீரர்கள் 7,014 பேரின் எலும்புகளை வைத்து எழுப்பிய நினைவிடம், 1938இல், இந்தப் பகுதி இத்தாலியிடம் இருந்தபோது, முசோலினி வந்து திறந்தது. இறந்தவர்களுக்கு வணக்கம் சொல்லவா, இந்த மண் எங்களுடையது என்று காட்டவா, எதற்காகக் கட்டினார்கள் என்று அங்கே நிற்கும்போது கேட்கத் தோன்றியது. எனக்கு இரண்டாவதுதான் தூக்கலாகத் தெரிந்தது.

அதற்கு நேர்மாறாக ஒரு இடம், டோல்மின் ஊருக்கு மேலே யாவோர்ட்சா. குறுகலான மலைப்பாதை, கடைசித் துண்டு நடக்கத்தான் வேண்டும், செங்குத்து இல்லை, மெதுவாக வந்தால் உன்னாலும் முடியும். 1916இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஆஸ்திரிய–ஹங்கேரியச் சிப்பாய்கள் செத்துப்போன தங்கள் கூட்டாளிகளுக்காகக் கட்டிய மரத் தேவாலயம். உள்ளே சுவரெல்லாம் பலகை, வெடிமருந்துப் பெட்டிகளைப் பிரித்து எடுத்த மரம், அதில் 2,564 பெயர்களைச் சூடு போட்டு எழுதியிருக்கிறார்கள். ஹங்கேரியன், செக், ஸ்லோவேனியன், போஸ்னியன் என்று அந்தப் பேரரசில் இருந்த எல்லா ஜனங்களின் பெயர்களும் தெரிகின்றன. பலகைகள் புத்தகப் பக்கம் மாதிரி திறக்கின்றன. நெட்டையன் ஒரு பலகை முன்னால் நின்று ஒவ்வொரு பெயராக, உச்சரிக்க வந்த வரைக்கும், வாய்விட்டு வாசித்தான். நான் வெளியே வரச் சொல்லவில்லை. பிறகு அவனே வந்து, இவர்களில் எத்தனை பேர் இதற்கு முன்னால் இந்த மலையைப் பெயரளவிலாவது கேள்விப்பட்டிருப்பார்கள் என்று கேட்டான். சாவு இத்தனை பக்கத்தில் இருக்கும்போது, தனக்கும் அடுத்த வாரம் அதே பலகையில் இடம் கிடைக்கலாம் என்று தெரிந்துகொண்டே, ஒருவன் மரத்தை இழைத்து, வண்ணம் பூசி, எழுத்தை அழகாக வரைந்திருக்கிறான் பார், அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நாங்கள் கோபரிட்டில் தங்கிய வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், மகள் இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள். அவருடைய பாட்டி 1912இல் அதே வீட்டில் பிறந்தவராம். பிறந்தது ஆஸ்திரியா–ஹங்கேரியில், பள்ளிக்கூடம் போனது இத்தாலியில். 1923இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பள்ளிகளில் ஸ்லோவேனிய மொழியே இல்லாமல் போயிற்று, ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும்கூட இத்தாலிய மொழிக்கு மாற்றினார்கள். 1943இல் ஜெர்மன்காரன், 1945 முதல் இரண்டு வருடம் அமெரிக்க–பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம், 1947இல் யூகோஸ்லாவியா, 1991இல் ஸ்லோவேனியா. பாட்டி அதையும் பார்த்துவிட்டுத்தான் போனாராம். வீட்டை விட்டு எங்கும் போகவில்லை, நாடுதான் மாறி மாறி வந்தது. பள்ளியில் பேசவே கூடாத மொழியை வீட்டு அடுப்படியிலும் கோயிலில் பாதிரியார் சொல்லிக்கொடுத்த ஜெபத்திலும் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று அந்த அம்மா சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் இருந்தது. நம்மில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை இல்லையா? ராத்திரி உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துத் தோசைக்கல் அளவுக்குச் சுட்டு எடுத்த ஃப்ரிகா செய்து கொடுத்தார். நெட்டையன் சைவம் என்பதால் இது அவனுக்கு வரப்பிரசாதம். வால்நட் பூரணம் வைத்த உருண்டை ஒன்றும் அந்த ஊருக்கே உரியது. ஆனால் பீன்ஸ் சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி போடுவார்கள், கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

அப்புறம் நெட்டையனின் பாலம். நோவா கொரிட்சா பக்கம் சொல்கான் என்ற இடத்தில், அதே சோச்சாவின் மேல். 85 மீட்டர் அகலத்துக்கு ஒரே கல் வளைவு, ரயில் பாலங்களில் உலகத்திலேயே இதைவிட அகலமான கல் வளைவு கிடையாது. 4,533 கற்களை அடுக்கி வளைவை மட்டும் 18 நாளில் முடித்தார்களாம், 1906இல் ரயில் ஓடியது. பத்து வருடம்தான் நின்றது, 1916 ஆகஸ்ட்டில் பின்வாங்கிய ஆஸ்திரியப் படையே வெடி வைத்துத் தகர்த்தது. போருக்குப் பிறகு இத்தாலிக்காரர்கள் இரும்பில் சுலபமாகக் கட்டியிருக்கலாம், ஆனால் 1925 முதல் 1927க்குள் திரும்பவும் கல்லிலேயே, அதே வளைவாகவே கட்டினார்கள். நெட்டையன் கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசவே இல்லை. எனக்கும் அவசரம் தோன்றவில்லை. தெரியாத நாட்டுக்குப் போகும்போது துணைக்கு வருகிறவன் நம்மைப் போலவே பார்க்கிறவனாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. நான் மட்டும் போயிருந்தால் ஏரியும் மலையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன், அவன் மட்டும் போயிருந்தால் அந்த வீட்டு அம்மாவிடம் உட்கார்ந்து பேசியிருக்கவே மாட்டான்.

நோவா கொரிட்சாவும் அபூர்வமான ஊர். 1947இல் எல்லைக் கோடு போட்டபோது பழைய நகரம் கொரிட்சியா இத்தாலிக்குப் போக, ரயில் நிலையம் யூகோஸ்லாவியா பக்கம் தனியாக நின்றது. நகரம் இல்லாதவர்கள் அடுத்த வருடமே வெறும் நிலத்தில் புது நகரம் எழுப்ப ஆரம்பித்தார்கள். நிலையத்துக்கு எதிரே இருக்கிற சதுக்கத்தில் முன்பு வேலி இருந்தது, 2004இல் எடுத்துவிட்டார்கள், இப்போது தரையில் ஒரு வட்டத் தகடும் பூந்தொட்டிகளும்தான். ஒரு கால் இத்தாலி, ஒரு கால் ஸ்லோவேனியா. 2025இல் இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்திருக்கின்றன. பள்ளத்தாக்கில் பார்த்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அங்கே போய் நில், சாதாரணமாக இருக்கவே முடியாது.

திரும்பும்போது போஹின் ரயில் பாதை, ஆற்றை ஒட்டி ஊர்ந்து போய் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் நுழைந்து மறுபக்கம் வந்தால் ப்ளெட் ஏரி. தீவு, தேவாலயம், 99 படி, துடுப்புப் படகு, எல்லாம் காலண்டரில் இருப்பது போலவே இருக்கிறது. கூட்டமும் விலையும் அதிகம். பாதி நாள் போதும்.

லியூப்லியானாவில் கடைசி மாலை முதன்மைச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே நடுநாயகமாக நிற்பது ராஜாவோ தளபதியோ இல்லை, ப்ரெஷெரென் என்ற கவிஞர், 1849இல் மறைந்தவர். அவர் இறந்த பிப்ரவரி 8 அரசு விடுமுறை. இந்த நாட்டின் தேசிய கீதம் அவர் எழுதியதில் ஒரு பத்திதான், போர் ஒழிந்த நாளுக்காகக் காத்திருக்கிற எல்லா ஜனங்களும் வாழ்க, எல்லைக்கு அப்பால் இருப்பவன் எதிரியாக இல்லாமல் அண்டை வீட்டுக்காரனாக இருக்கட்டும் என்கிறது. சோச்சாவைப் பார்க்காமல் அந்த வரியைக் கேட்டிருந்தால் நல்ல வார்த்தை என்று நினைத்திருப்பேன், அவ்வளவுதான்.

நீ கேட்ட மற்றதும் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், திரும்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். இத்தாலி எல்லையில் இப்போது சில நேரம் போலீஸ் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறது, பாஸ்போர்ட்டைப் பையிலேயே வை. குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், குடிநீர் மக்களின் உரிமை என்று 2016இல் அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வெர்ஷிச் மேல் பஸ் கோடையில்தான், குளிர்காலத்தில் கணவாயையே மூடிவிடுவார்கள். செலவுக்கு இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பர்ஸ் வைத்துக்கொண்டோம், தீர்ந்தால் சமமாகப் போட்டோம், ஒரு நாளும் கணக்குப் பேச்சு வரவில்லை. மத்தியானம் அவரவர் இஷ்டத்துக்குப் பிரிந்து சாயங்காலம் சேர்ந்தோம், அதனால் சலிப்பும் வரவில்லை.

அடுத்த செப்டம்பரில் மூன்று பேருமாகப் போகலாம் என்று நெட்டையன் பிடிவாதமாக இருக்கிறான், செர்க்னிட்சாவைத் தண்ணீரோடு பார்க்க வேண்டுமானால் மழைக்குக் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும் என்பது என் எண்ணம். உனக்கு எந்த மாதம் தோது, டாக்டர் எவ்வளவு தூரம் நடக்கச் சொல்கிறார், பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, இந்த மூன்றையும் எழுது. மீதியை நானும் அவனும் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்